வெளியே பூட்டிய வீடு

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்புறம் ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே மேசை போட்டுக்கொண்டு உட்காருவேன். தபால் நிலைய முகப்புக் கவுண்டரில் முப்பது வருடம் நின்றவன் என்பதால் அரசாங்கப் பாரங்களை, அதாவது விண்ணப்பப் படிவங்களை, நிரப்புவது எனக்குப் பழகிப்போன வேலை. யார் எந்தப் பாரத்தைக் கொண்டுவந்தாலும் மலாயில் எழுதிக் கொடுப்பேன். பியாட்ரிஸ் எட்டு வருடமாக அந்த மேசைக்கு வருகிறவள். போன மழைக்காலத்தில் அவளுக்கு நடந்ததை எழுதி வைக்கலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"எழுதுங்க சில்வெஸ்டர் அண்ணே. ஆனா வீட்டு நம்பர மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பிறந்தது சுண்ணாம்புமலை ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போனவர்கள். பியாட்ரிஸ் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தபோது தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு ஒரு பக்கம் செம்பனை நட்டார்கள், மறு பக்கம் வீடு கட்டி விற்றார்கள். பழைய தொழிலாளர்களுக்கென்று சாலையோரத்தில் இரண்டு அறை மலிவு வீடுகள் எழும்பின. அதில் ஒன்று அவளுடைய அப்பாவுக்குக் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டிலேயே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அலெக்சாண்டரைக் கட்டிக்கொண்டு அவள் குடும்பம் நடத்தியதும் அங்கேதான்.

அலெக்சாண்டர் லாரி ஓட்டியவன். மகள் ஜானிஸுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஜொகூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று மாதம் போன் வந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. பியாட்ரிஸ் போலீஸில் புகார் கொடுத்தாள், ஜொகூருக்கே ஒரு முறை பஸ் ஏறிப் போய்த் தேடிவிட்டு வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் சமாளித்தவளை பங்குச் சாமியார்தான் என் மேசைக்கு அனுப்பி வைத்தார்.

அன்றைக்கு நான் நிரப்பியது சமூக நல இலாகாவின் பாரம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கானது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் அந்த இலாகாவை 'கெபாஜிக்கான்' என்றுதான் சொல்வார்கள். கணவரைப் பற்றிய கட்டத்துக்கு வந்ததும், 'இருக்கும் இடம் தெரியவில்லை' என்று எழுதப் போனேன்.

"செத்துட்டாருன்னு எழுதக் கூடாதாண்ணே?" என்று கேட்டாள். "அப்படி எழுதுனா மறுபடி மறுபடி கேக்க மாட்டாங்கல்ல."

"பொய் எழுதக் கூடாதும்மா. கீழ நீ கையெழுத்துப் போடணும்."

அவள் தலையாட்டிவிட்டு உண்மையையே எழுதச் சொன்னாள்.

உதவி கிடைத்தது. செமோரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் துப்புரவு வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளமும் இந்த உதவித்தொகையும் சேர்ந்துதான் ஜானிஸைப் பள்ளிக்கு அனுப்பின, விளக்கை எரிய வைத்தன. அதோடு கடையில் அடையாள அட்டையை நீட்டி அரிசியும் எண்ணெயும் முட்டையும் வாங்கிக்கொள்ளும் சலுகையும் பின்னால் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை பாரத்தைப் புதுப்பிக்க வேண்டும். எப்போதாவது அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். எட்டு வருடம் அப்படியே ஓடியது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்த சாயங்காலம், அலெக்சாண்டர் திரும்பி வந்தான்.

கேட்டருகே நனைந்துகொண்டு நின்ற ஆளை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி உடம்பாகியிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வலது காலில் செருப்பு இல்லை, துணி சுற்றியிருந்தது.

"ரெண்டு நாளு இருந்துக்கிறேன் பியாட்ரிஸ். அப்புறம் போயிருவேன்."

"எங்க போவீங்க?"

அவன் நடந்ததைச் சொன்னான். ஜொகூரில் லாரி வேலை போய், காவலாளி வேலை பார்த்து, இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதியால் கால் புண்ணாகி அந்த வேலையும் போய், கடைசியில் ஒரு கடைக்குப் பின்னால் படுத்துக் கிடந்திருக்கிறான். இடையில் வேறொரு பெண் இருந்தாளா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் வெளியே தள்ள வேண்டி வருமோ என்று கேட்காமல் விட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். அந்த மழையில் அவனைத் தள்ளுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்றாள்.

அவனுக்குச் சோறு போட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. கணவன் இருக்கும் இடம் தெரியாது என்று சொல்லி வாங்கும் உதவி. அந்தக் கணவன் இப்போது கூடத்தில் உட்கார்ந்து துண்டால் தலை துவட்டிக்கொண்டிருக்கிறான்.

ரெண்டு நாள்தானே, போய்விடுவான், எதற்கு இலாகாவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு நாள் ஒரு வாரமானது. அவனால் எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், 'ஏன் அன்றைக்கே சொல்லவில்லை' என்று கேட்பார்களே என்று பயந்தாள். இரண்டு வாரம் ஆனதும் அந்தப் பயம் இரட்டிப்பானது. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டதே அடுத்த நாள் சொல்ல முடியாததற்குக் காரணமாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து வாட்சப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ பொய் சொல்லி உதவிப் பணம் வாங்கியதற்காக ஒரு பெண்ணைச் சிறையில் போட்டுவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ, யார் எழுதியதோ தெரியாது. பியாட்ரிஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

டிசம்பரில் வருடாந்திரப் பாரத்தோடு என் மேசைக்கு வந்தாள். வழக்கமாக உட்கார்ந்து நாலு கதை பேசுகிறவள், அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தாள்.

"குடும்பத்தில மாற்றம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே."

"வேலை அதேதானே? வீட்டில நீயும் ஜானிஸும்தானே?"

"ஆமாண்ணே. அதேதான். சீக்கிரம் எழுதுங்கண்ணே, மழை வருது."

நான் வெளியே பார்த்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாற்றம் இல்லை என்று என் கையால் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தில் பள்ளம் விழும் அளவுக்குப் பேனாவை அழுத்தினாள். அதைக் கவனித்தும் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அவளுக்கு எல்லாமே மாறிவிட்டது. அதுவரை சொல்லாமல் இருந்தாள். இப்போது எழுத்தில் பொய் சொல்லியாயிற்று. இலாகாவின் கார் போல ஒரு வெள்ளைக் கார் சாலையில் திரும்பினால் சன்னலை விட்டு நகர்ந்துகொள்வாள். இலாகா அலுவலகம் ஈப்போவில் இருப்பதால், போனில் ஈப்போ எண் வந்தால் எடுக்க மாட்டாள். ஜானிஸிடம், பள்ளியில் யார் கேட்டாலும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லி வைத்தாள்.

"டீச்சர் கேட்டாகூடவா?"

"டீச்சர், ஃபாதர், யாரு கேட்டாலும். உன் கூட்டாளிங்ககிட்டயும் மூச்சு விடாத."

ஜானிஸுக்குப் பதினாறு வயது. அப்பா வந்ததில் அவளுக்குச் சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்குள் அவரை ஒளிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

ஒரு நாள் அம்மாவும் மகளும் கடைக்குப் போனார்கள். அரிசி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து பியாட்ரிஸ் அட்டையை நீட்டினாள். இயந்திரம் படிக்கத் தாமதமானது. கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் அட்டையை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. "கொஞ்சம் இருங்க ஆண்ட்டி, லைன் ஸ்லோ" என்றாள். பியாட்ரிஸின் காதில் அது விழவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தாள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, ஜானிஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் கஞ்சிதான். மூன்றாம் நாள் ஜானிஸ் தனியாக அம்மாவின் அட்டையை எடுத்துப் போய்க் கேட்டதில், அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, லைன் சரியாகிவிட்டது, ஆனால் உரியவர்தான் வர வேண்டும் என்றார்கள். அதைக் கேட்ட பிறகும் பியாட்ரிஸ் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. கல்லாப் பெண் தன் முகத்தை ஞாபகம் வைத்திருப்பாள் என்று பயம்.

பக்கத்து வீட்டில் தினேஸ்வரி என்று ஒரு பெண். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு இருப்பவள். நல்ல சுபாவம். புத்தாண்டு கழிந்து ஒரு நாள் காலையில் துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்டில யாருக்கா இருமுறது? ஆம்பள குரல் மாதிரி இருக்கு."

"டிவிதான்லா அது" என்றாள் பியாட்ரிஸ்.

"பகல்ல நீங்க வேலைக்குப் போன பிறகுமா டிவி ஓடுது?"

"ஜானிஸ் மறந்துட்டுப் போயிருப்பா."

அன்று மதியம் வேலை முடிந்து வரும்போது ஒரு பெரிய பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கணக்கு இதுதான். கதவு வெளியே பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். யார் வந்து தட்டினாலும் பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அலெக்சாண்டர் பின்னறையில் சத்தம் போடாமல் படுத்திருக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும்.

அவன் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெருப்பு புடிச்சா என்னா செய்வேன்?"

"புடிக்காது."

"கதவ மட்டும் சாத்திட்டுப் போ பியாட்ரிஸ். பூட்டாத. பயமா இருக்கு."

"எனக்கு ஒம்பது வருஷமா பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து பூட்டினாள். ஜானிஸ் பள்ளிக்கும் அவள் வேலைக்கும் போனதும் காலை ஏழரையிலிருந்து இரண்டரை வரை அவன் அடைபட்டுக் கிடந்தான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர், ஒரு டப்பாவில் ரொட்டி, ஒரு வாளி.

புண் ஆறவில்லை. பியாட்ரிஸ் மருந்துக் கடையில் மஞ்சள் மருந்தும் பஞ்சும் வாங்கிவந்து தினமும் கழுவிக் கட்டினாள். பெருவிரல் ஓரத்தில் இருந்தது பாதத்துக்கு ஏறியது. வீட்டில் ஒரு வாடை குடியேறியது. அரசாங்க கிளினிக் இரண்டு மைலில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், விலாசம் சொல்ல வேண்டும். விலாசம் கம்ப்யூட்டரில் ஏறும். எல்லா இலாகாவுக்கும் ஒரே கம்ப்யூட்டர் என்று அவள் நம்பினாள். தனியார் மருத்துவரிடம் காட்ட அவளுக்கு வசதியில்லை.

ஜனவரிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜானிஸ் கட்டைப் பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அப்பா காலு கறுப்பாயிடுச்சு. வெரலு ரெண்டும் கறுப்பா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்மா."

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்."

"சனிக்கிழமை ஏன்? இன்னைக்கே போலாம்."

"பேசாம இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவ உள்ள போட்டுட்டாங்கன்னா நீ எங்க இருப்ப? யாரு வீட்டில இருப்ப?"

ஜானிஸ் அழுதாள். அலெக்சாண்டர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இதை என்னிடம் சொல்லும்போது பியாட்ரிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என் வாயாலதான் சொன்னேன் அண்ணே. சனிக்கிழமைன்னு நான்தான் சொன்னேன்."

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கிளினிக்கில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஈப்போ எண். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் விட்டாள். மூன்றாவது தடவை நின்றதும் தினேஸ்வரியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, உங்க வாசல்ல வெள்ளைக் கார் நிக்குது. கெபாஜிக்கான் ஆபீஸ்காரங்க. வீட்டுக்குள்ள யாரோ முனகுறாங்க அக்கா, நானும் கேட்டேன். வெளிய பூட்டு தொங்குது. யாருக்கா உள்ள? அந்தம்மா போலீஸக் கூப்பிடலாமான்னு கேக்குறாங்க. சீக்கிரம் வாங்கக்கா."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தது ஞாபகம் இருக்கிறது, மருத்துவரிடம் சொன்னாளா இல்லையா என்பது ஞாபகம் இல்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்றாள். நேரே போனால் வீடு. வலப்பக்கம் திரும்பினால் ஜானிஸின் பள்ளிக்கூடம். அவளை ஏற்றிக்கொண்டு தூரத்தில், பாகான் டத்தோ என்ற ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்து, மறுபடி சிவப்பு விழும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். உதவியை நிறுத்துவார்கள் என்றுதான் இத்தனை நாள் பயந்தாள். இப்போது அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. ஒரு நோயாளியை உள்ளே வைத்துப் பூட்டியவள் என்று தன்னைக் கொண்டுபோவார்கள். அவன் செத்துப்போயிருந்தால்?

அடுத்த பச்சைக்கு நேரே போனாள்.

வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அதிகாரி ஓர் ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி, புவான் சல்மியா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். சன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கிடையே வாயை வைத்து, உள்ளே இருப்பவரிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பியாட்ரிஸைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"உள்ளே யார்?" என்று மலாயில் கேட்டார்.

பியாட்ரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவருகே போனாள். சாவியை எடுத்துப் பூட்டில் வைத்தாள். அவசரத்தில் அதைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தாள். புவான் சல்மியா அவள் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே திறந்தார்.

கதவு திறந்ததும் வாடை வெளியே வந்தது. தினேஸ்வரி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். அலெக்சாண்டர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் விழுந்து கிடந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தண்ணீர் போத்தல் எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. புவான் சல்மியா மூக்கைப் பொத்தவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து அவன் தலையை நிமிர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தார். கூட வந்த ஓட்டுநரை ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னார். பிறகுதான் திரும்பிக் கேட்டார்.

"யார் இவர்?"

"என் புருஷன்."

"கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம் புவான். பொய்யாக எழுதினேன்."

அதைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பித்துக்கொள்ள ஏதேனும் சொல்லலாம் என்று சாலை முழுக்க யோசித்துக்கொண்டு வந்தவள், ஒன்றையும் சொல்லவில்லை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கே அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். யாரையும் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். பியாட்ரிஸ் அதைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பள்ளியிலிருந்து சீருடையோடு வந்திருந்த ஜானிஸ்தான் பிடித்துக்கொண்டாள்.

அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு போலீஸ்காரர் வந்தார். பூட்டிய வீட்டில் நோயாளி கிடந்தார் என்பதால் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அலெக்சாண்டர் அரை மயக்கத்தில் இருந்தான். யார் பூட்டியது என்று அவர் கேட்டதும் கண்ணைத் திறந்தான்.

"நான்தான் பூட்டச் சொன்னேன்" என்றான். "யாரும் என்ன இந்த நெலமையில பாக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பியாட்ரிஸ் அந்த இடத்திலேயே நின்றாள். அவன் தன்னைக் காப்பாற்றிவிட்டான் என்பது புரிந்தது. நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒன்பது வருடம் எட்டிப் பார்க்காதவன் ஒரே வாக்கியத்தில் பெரிய மனிதனாகிவிட்டான். இனி இவனை வீட்டை விட்டுப் போ என்று சொல்லவே முடியாது. அதே நேரம், இவன் உயிரோடு வெளியே வர வேண்டும் என்று கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டும் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் என் மேசைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. என் கையெழுத்தில் அல்லவா அந்தப் பொய் இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் நான். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"பயப்படாதீங்கண்ணே. எழுதிக் குடுத்தவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அந்தப் புவான்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் இலாகா அலுவலகத்துக்குப் போனேன். புவான் சல்மியா வாக்குமூலத்தை வரிக்கு வரி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு ஏன் வந்தீர்கள், யார் புகார் கொடுத்தது என்று பியாட்ரிஸ் கேட்டாள். அது ஒன்றுதான் அவள் தெரிந்துகொள்ள விரும்பியது. தினேஸ்வரிதான் காட்டிக்கொடுத்திருப்பாள் என்று அவளுக்குள் ஒரு சந்தேகம்.

"யாரும் புகார் கொடுக்கவில்லை. வருடாந்திரப் பாரம் வந்தால் வீடு பார்க்க வருவோம். உங்கள் வரிசையில் நாலு வீடு பார்க்க வேண்டியிருந்தது. வருவதாகச் சொல்லத்தான் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை."

பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "கணவர் நோயாளியாகத் திரும்பி வந்தார், வேலைக்குப் போக முடியாது என்று நவம்பரிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் வேறு மாதிரி எழுதியிருப்போம்" என்றார். "ஏன் சொல்லவில்லை?"

"பயம் புவான்."

"எங்களிடமா?"

பியாட்ரிஸ் குனிந்துகொண்டாள்.  புவான் சல்மியாவின் முகம் கொஞ்சம் வாடிப்போனதை நான் பார்த்தேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். மறுபரிசீலனை முடியும் வரை உதவித்தொகை நிற்கும், எல்லாம் மேலிடத்தின் முடிவு என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் நின்றது. தேவாலயத்திலிருந்து அரிசி பருப்பு கொடுத்தோம். பல் மருத்துவர் மதியத்துக்கு மேலும் வேலை போட்டுக் கொடுத்தார். போலீஸ் விசாரணை அலெக்சாண்டரின் வாக்குமூலத்தோடு நின்றுபோனது, யாரும் மறுபடி வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. கோப்பு எங்கேயோ திறந்தபடி கிடக்கிறது, ஒரு நாள் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றாள். ஒற்றைக் காலோடு வீட்டுக்கு வந்த அலெக்சாண்டர் முன்னறையில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தான். பூட்டை ஜானிஸ் எங்கோ கொண்டுபோய் எறிந்துவிட்டாள்.

தினேஸ்வரி, பாதி நாள் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து அவனுக்குக் கொடுப்பாள். ஒரு நாள் பியாட்ரிஸிடம் கேட்டாள்: "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?"

"உன்கிட்டதான் ரொம்ப பயந்தேன்" என்றாள் பியாட்ரிஸ். பிறகு கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவித் தினேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்தாளாம்.

ஏப்ரலில் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தைப் பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை வரை சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து, அப்படியே என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீங்களே பிரிங்கண்ணே. கெட்டதா இருந்தா ஒடனே சொல்லாதீங்க. நான் கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன்."

பிரித்துப் படித்தேன். ஜானிஸுக்கான உதவி புதிய நிலைமையின்படி மறுபடி தொடரும். கணவருக்கு மாற்றுத்திறனாளி அட்டைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். குடும்ப நிலையில் எந்த மாற்றம் என்றாலும் உடனே தெரிவிக்க வேண்டும், தவறினால் உதவி ரத்து செய்யப்படும். கடைசி வரியை அவள் மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். முதல் வரியை ஒரு முறையோடு விட்டுவிட்டாள்.

பள்ளி விடுமுறையில் ஜானிஸுக்கு ஒரு ரொட்டிக் கடையில் இரண்டு வார வேலை கிடைத்தது. அடுத்த நாள் காலையிலேயே பியாட்ரிஸ் இலாகா அலுவலக முகப்பில் போய் நின்றாள். துணைக்கு என்னையும் அழைத்திருந்தாள். எண்சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவள் எண் திரையில் வந்ததும், மகள் வேலைக்குப் போகிறாள், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னாள். முன்கூட்டியே பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

முகப்பில் இருந்த இளம் பெண் சிரித்தாள். "விடுமுறை வேலைக்கெல்லாம் வர வேண்டியதில்லை ஆண்ட்டி. போய் வாருங்கள்."

பியாட்ரிஸ் நகரவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை முகப்பில் வைத்தாள். அதன் நகலையும் பக்கத்தில் வைத்தாள்.

"பரவாயில்லை மிஸ். வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் இன்றைய தேதியோடு முத்திரை குத்திக் கொடுங்கள்."

அந்தப் பெண் பின்னால் இருந்தவர்களின் வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினாள். பியாட்ரிஸ் மை காயும் வரை ஊதிக்கொண்டு நின்று, நகலை நாலாக மடித்துக் கைப்பையின் உள்பையில் வைத்து, அதன் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.